ஐஸ்லாந்தின் அரிமண்ணுக்கு நாட்டு பிர்ச்சா, ரஷ்ய லார்ச்சா?

ஐஸ்லாந்தில் மரம் நட இடத்துக்குப் பஞ்சமில்லை. நாட்டின் பரப்பில் காடு சுமார் 2 சதவீதம். அந்த இரண்டு சதவீதத்தில் ஒன்றரை, நாட்டு மரமான பிர்ச். அதன் பெரும்பகுதி ஐந்து மீட்டர்கூட எட்டாத குறுங்காடு. மிச்சம் நூறு ஆண்டுகளுக்குள் மனிதர் நட்டது. குடியேறிகள் வந்த 9-ஆம் நூற்றாண்டில் கால்வாசி நிலத்துக்கு மேல் காடாக இருந்தது என்பது பொதுவான மதிப்பீடு. வெட்டியதும், கரி சுட்டதும், செம்மறி மேய்ந்ததும், பிறகு காற்று மண்ணை அள்ளிப் போனதும் பலர் எழுதிய கதை. அதை விட்டுவிடுவோம்.

இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி குறுகியது. கடற்கரையிலிருந்து தள்ளி, உள்நாட்டில், செம்மறி நுழையாதபடி வேலி போட்ட நூறு ஹெக்டேர் அரிமண், அதாவது காற்று அரித்த நிலம், இருக்கிறது. பாதி சரளை, பாதி எரிமலைச் சாம்பல் மண், அங்கங்கே பாசியும் புல்லும். இதில் நாட்டு பிர்ச் நடுவதா, ரஷ்ய லார்ச் நடுவதா? பிர்ச் அகன்ற இலை மரம். லார்ச் ஊசியிலை மரம், ஆனால் குளிர்காலத்துக்கு முன் ஊசியை உதிர்த்துவிடும்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிர்ச். நாட்டுமரப் பாசத்தில் சொல்லவில்லை. இருபதாவது ஆண்டில் அந்த நிலத்துக்கு யார் வந்து வேலை செய்வார்கள் என்ற கணக்கில் சொல்கிறேன்.

லார்ச்சுக்கு உரியதை முதலில் கொடுத்துவிட வேண்டும். கிழக்கே ஹல்லோர்ம்ஸ்தாதுரில் 1938-இல் நட்ட குட்டோர்ம்ஸ்லுந்துர் தோப்பைப் பார்த்தவர்கள் 'ஐஸ்லாந்தில் மரம் வளராது' என்று பேசமாட்டார்கள். ரஷ்யாவின் ஆர்க்காங்கெல்ஸ்க் பக்கத்து விதையில் வந்த மரங்கள் அவை. நேராக, உயரமாக, தூண் போல நிற்கின்றன. தழைச்சத்து (நைட்ரஜன்) இல்லாத ஏழை மண்ணில் தொடக்க வேகம் லார்ச்சுக்குத்தான் அதிகம். பிர்ச் அங்கே சில ஆண்டுகள் முழங்கால் உயரத்தைத் தாண்டாமல் முக்கிக்கொண்டிருக்கும். வைரம் பாய்ந்த லார்ச் கட்டையை மருந்து பூசாமலே வேலிக்கம்பமாக நடலாம். 1990-களில் கிழக்கு மாவட்டத்துப் பண்ணைகளில் அரசு உதவியோடு காடு வளர்க்கத் தொடங்கியபோது பெருமளவு லார்ச்சையே நட்டார்கள், அது சரியான முடிவுதான்.

ஆனால் அந்த வெற்றிக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. சைபீரிய வகையைச் சேர்ந்த இந்த லார்ச் கடுங்குளிர் தொடர்ந்து நீடிக்கும் நாட்டில் பிறந்தது. அதன் உறக்கத்துக்குத் தேவையான குளிர் முன்பனியிலேயே தீர்ந்துவிடும். பிறகு ஒரு வெதுவெதுப்பான வாரம் வந்தால் போதும், வசந்தம் என்று நம்பி மொட்டை அவிழ்த்துவிடும். ஐஸ்லாந்தின் தெற்கிலும் மேற்கிலும் பிப்ரவரி, மார்ச்சில் அப்படி ஒரு வாரம் வராத ஆண்டே குறைவு. அடுத்து வரும் உறைபனி நுனிக்குருத்தைக் கருக்கும். பக்கக்கிளை தலைமை எடுக்கும், மறு ஆண்டு அதுவும் கருகும், பத்து ஆண்டில் மரம் துடைப்பம் போல நிற்கும். ஆகவே ரஷ்ய லார்ச் வடக்கு, கிழக்கு உள்நாட்டு மரம். உங்கள் நிலம் தெற்கே இருந்தால் ஒப்பீடு இங்கேயே முடிந்தது. வாக்லிரில் உருவாக்கிய ஹ்ரீமுர் என்ற கலப்பின லார்ச் இந்தக் குறையைப் பெருமளவு தாண்டுகிறது, வளர்ச்சியும் வேகம். ஆனால் அந்தத் தோப்புகள் இன்னும் இளசு. அறுவை மரமாக எப்படி நிற்கும் என்று தீர்ப்புச் சொல்லும் வயது அவற்றுக்கு வரவில்லை.

எதை நட்டாலும் முதல் மூன்று ஆண்டுகளில் எதிரிகள் ஒன்றே. முதல் எதிரி ஊசிப்பனி. ஈரம் குடித்த சாம்பல் மண்ணில் இரவு உறையும்போது மண்ணுக்குள்ளிருந்து மெல்லிய பனி ஊசிகள் எழும்பும். அவை மேல்மண்ணையும் நாற்றையும் சேர்த்துத் தூக்கும். பகலில் பனி உருகி மண் கீழே இறங்கும், நாற்று இறங்காது. இருபது முப்பது முறை இது நடந்தால் மே மாதத்தில் போய்ப் பார்க்கும்போது வேர்க்கட்டி முழுசாக வெளியே, பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். பிடுங்கிப் போட்டது போலவே இருக்கும். வெற்றுச் சரளையில் இலையுதிர்காலத்தில் நட்டால் இது ஏறக்குறைய உறுதி.

தடுக்கும் வழி மூன்று. பனி விலகியதும், ஜூன் இறுதிக்குள், நட்டு முடிப்பது. வெற்றுத் தரையைத் தவிர்த்து, புல் குத்தின் ஓரத்தில் அல்லது பாசிப் படலத்தில் நடுவது. வெறும் தரைதான் இருக்கிறது என்றால் ஓராண்டு முன்பே புல்விதையும் உரமும் தூவி மண்ணைக் கட்டுவது. குழித்தட்டு நாற்றை நடக் குழாய் வடிவக் கருவி இருக்கிறது. ஐஸ்லாந்தியர் அதை 'கெய்ஸ்பா' என்பார்கள். கூர் வாயை மண்ணில் குத்தி, மிதியை அழுத்தினால் வாய் திறக்கும், மேலிருந்து போட்ட நாற்று வழுக்கிக் குழியில் இறங்கும், கருவியைத் தூக்கிக் குதிகாலால் ஒருமுறை அமுக்க வேண்டும். இங்கே நடக்கும் வழக்கமான தவறு, வேர்க்கட்டியின் தலை மண்மட்டத்துக்குச் சமமாக நிற்பது. இரண்டு விரல்கடை ஆழத்தில், மேலே மண் மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டி திரி போல ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். காற்றுக்கும் பனிக்கும் பிடி கிடைத்துவிடும்.

உரத்தில் கஞ்சத்தனமும் ஆகாது, தாராளமும் ஆகாது. எரிமலை மண் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொடுக்காது. தழைச்சத்தோ மண்ணிலேயே கிடையாது. நாற்றுக்கு 10 முதல் 15 கிராம் கலப்பு உரம், அதாவது ஒரு மேசைக்கரண்டிக்குள், நாற்றைச் சுற்றி மேலாகத் தூவினால் போதும். குழிக்குள் போட்டால் உப்பு வேரைச் சுடும். அளவு கூடினால் தழைச்சத்து நாற்றைக் கிளப்பிவிட்டு, இலையுதிர்காலத்தில் தண்டு முற்றாமல் உறைபனியில் மாட்டவைக்கும். சுற்றியுள்ள புல்லும் அந்த உரத்தில் கொழுத்து நாற்றை மூடும்.

மண்ணுக்கு அடியில் கூன்வண்டுப் புழு இருக்கும். வேரின் பட்டையை வளையமாகத் தின்னும். மேலே நாற்று மெதுவாக மஞ்சளித்து, இழுத்தால் கையோடு வரும். பழைய பிர்ச் காட்டின் மேல்மண்ணை நாற்றுக் கலவையில் சேர்த்தால் வேரோடு வாழும் பூஞ்சை பரவி இந்தச் சேதம் குறைகிறது என்று ஐஸ்லாந்துச் சோதனைகளே காட்டின. மரம் அழிந்து நூறாண்டு ஆன மண்ணில் அந்தப் பூஞ்சை அரிது.

இனி என் முடிவைத் தீர்மானித்த விஷயம். நூறு ஹெக்டேரில் லார்ச் என்றால் ஹெக்டேருக்கு 2,500 வீதம் இரண்டரை லட்சம் நாற்று. பட்டுப்போன நாற்றின் இடத்தை நிரப்ப மேலும் கொஞ்சம். இது முதல் செலவு. யாரும் கணக்கில் விடமாட்டார்கள். விட்டுவிடுவது பதினைந்தாவது ஆண்டிலிருந்து இருபதாவது ஆண்டுக்குள் வரும் செலவை. அந்த அடர்த்தியில் நட்டது அப்போது முட்டிக்கொள்ளும். ஏறக்குறைய பாதியை வெட்டிக் கலைக்க வேண்டும். வெட்டிய கழிகள் கம்பத்துக்கு மெலிசு, விற்றால் வண்டிக் கூலி தேறாது. வாங்குபவர் உண்டு: ஹல்லோர்ம்ஸ்தாதுரில் மரச்சில்லு எரித்துக் கட்டடங்களைச் சூடாக்கும் உலை இருக்கிறது, மேற்கே க்ருந்தார்தாங்கியின் ஃபெரோசிலிக்கன் ஆலை கரிக்கு மாற்றாக மரச்சில்லை எடுக்கிறது. ஆனால் கிழக்கு மாவட்டத்திலிருந்து க்ருந்தார்தாங்கி நாட்டின் மறுகோடி. கலைக்காமல் விட்டாலோ, ஒளிக்காக மேலே மேலே ஓடிய மரங்களுக்குத் தலையில் மட்டும் ஒரு கொத்து ஊசி மிஞ்சும், தண்டு பருக்காது. ஊசி உதிர்வதற்கு முன் ஈரப்பனி விழுந்தால் வில்லாக வளையும், ஒடியும். அந்த வயதில் தாமதமாக ஆளை விட்டுக் கலைத்தால், அதுவரை ஒன்றையொன்று தாங்கி நின்ற மரங்கள் காற்றில் சாயும். கிழக்கில் கலைமான்கள் கொம்பு தேய்த்துப் பட்டையை உரிப்பதும் உண்டு. மொத்தத்தில் லார்ச் தோப்புக்கு வாரிசு வேண்டும்: சங்கிலி ரம்பம் பிடிக்கத் தெரிந்த, அந்த ஊரிலேயே இருக்கிற வாரிசு.

பிர்ச்சில் நூறு ஹெக்டேரையும் நட வேண்டியதில்லை. பத்து ஹெக்டேரை, காற்றுத் திசை பார்த்துச் சிறு சிறு திட்டுகளாக நட்டால் 25,000 நாற்று. மற்ற தொண்ணூறை விதை பார்த்துக்கொள்ளும். ஹெக்லா எரிமலையைச் சுற்றி 2007-இல் தொடங்கிய ஹெக்லுஸ்கோகர் திட்டம் இந்தத் தீவு முறையில்தான் நடக்கிறது. சுமார் 900 சதுர கிலோமீட்டரை நாற்று வைத்து நிரப்புவது நடக்கிற காரியமா? சந்தேகம் உள்ளவர்கள் தெற்கே ஸ்கெய்தாரார்சாந்துர் பனியாற்று மணல்வெளியைப் பார்க்கலாம். யாரும் நடவில்லை, கிலோமீட்டர்கள் தள்ளியிருந்த பழைய காட்டிலிருந்து பறந்த விதையில் பிர்ச் தானாக முளைத்துப் பரவிக்கொண்டிருக்கிறது. தெற்கே தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்கில் மேய்ச்சலை நிறுத்தியது 1920-களில். வேலியும் காலமும் செய்த வேலைதான் இன்றைய காடு. 2010-இல் பக்கத்திலேயே எய்யாஃப்யாட்லாயோகுட்ல் எரிமலை வெடித்துச் சாம்பல் கொட்டியபோதும் அது நின்றது. ஒரு சாண் சாம்பல் புல்லை மூடிவிடும், பிறகு காற்று அந்தச் சாம்பலைச் சுழற்றி அக்கம்பக்கத்தையும் அழிக்கும். ஆளுயரப் பிர்ச் சாம்பலைத் தன் காலடியில் பிடித்து வைத்துக்கொள்ளும்.

லார்ச்சும் சில இடங்களில் தானாக முளைக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் பிர்ச் விதை இறகு முளைத்த தூசி. பனிப்பரப்பின் மேல் சறுக்கிக்கொண்டே போகும்.

நாற்றோடு விதையும் தூவினால் இன்னும் மலிவு. செப்டம்பர் கடைசியில், விதைக்கதிர் பழுப்பாகி விரலிடுக்கில் உதிரும் பதத்தில் பறித்து, தாளில் மெல்லப் பரப்பி உலர்த்தி, அதே இலையுதிர்காலத்தில் தூவிவிட வேண்டும். மூடக் கூடாது, காலால் மிதித்து மண்ணோடு ஒட்டவைத்தால் போதும், குளிர்காலமே விதைநேர்த்தி செய்துவிடும். அடர்ந்த புல்லில் தூவினால் வீண், வெற்றுச் சரளையில் தூவினால் ஊசிப்பனி தூக்கும். சன்னமான பாசிப் படலம்தான் சரியான மடி. இந்த இடத்தில் அலாஸ்கா லூபின் பற்றி ஒரு சொல். 1945-இல் வந்த அந்த நீலப்பூச் செடி தழைச்சத்தை இலவசமாகக் கொடுக்கும். ஆனால் அதன் அடர்நிழலில் பிர்ச் நாற்று மேலே வராது, பக்கத்துக் குறும்புதர் வெளியையும் பிடித்துக்கொள்ளும். விதையை நம்பியிருக்கும் திட்டத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

பிர்ச்சின் குறைகள் சிறியவை அல்ல. குள்ள பிர்ச்சோடு நெடுங்காலம் கலந்ததால் பல மரங்கள் கோணலாக, புதராக வளரும். பலகைக்கு ஆகாது, விறகு, இறைச்சி புகையூட்டம், கைவினை, அவ்வளவே. நேரான மரம் வேண்டுமென்றால் தேர்ந்தெடுத்த எம்ப்லா வகை நாற்று கேளுங்கள். பெரிய கவலை பூச்சி. 2005-இல் ஓர் இலை குடையும் அந்துப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு வசந்தத்து இலையைக் குடையும். சுமார் பத்து ஆண்டு கழித்து ஒரு ரம்பக்குளவியினமும் சேர்ந்தது. அதன் புழு கோடை இறுதியில் மிச்ச இலையைக் குடைகிறது. ஆகஸ்டில் சாலையோரப் பிர்ச் எல்லாம் துருப்பிடித்தது போல நிற்பதற்கு இதுவே காரணம். மரம் சாவதில்லை, வளர்ச்சி குறைகிறது. இரண்டும் சேர்ந்து விதை விளைச்சலை எவ்வளவு அடிக்கும் என்று சொல்ல இந்த ஆண்டுகள் போதாது. மேலே சொன்ன கணக்கு முழுக்க விதையை நம்பியது என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

மற்றப் போட்டியாளர்கள் இந்த நிலத்துக்குப் பொருந்தமாட்டார்கள். சிட்கா ஸ்ப்ரூஸ் நல்ல மரம்தான். கிர்க்யுபையார்க்லொய்ஸ்துரில் 1949-இல் நட்ட ஒன்று 30 மீட்டரைத் தாண்டியது. ஆனால் அதற்குத் தெற்கின் ஈரமும் ஆழ்மண்ணும் வேண்டும், சாறுறிஞ்சும் அசுவினிப் பூச்சி வேறு வரும். அலாஸ்கா பாப்லர் வேகத்தில் எல்லோரையும் முந்தும். 1963 ஏப்ரல் உறைபனி அதைத் தெற்கில் கூட்டங்கூட்டமாகக் கொன்ற பிறகு கடலோர வகைகளாகத் தேடித் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கும் வளமான மண்தான் வேண்டும். ஸ்காட்ஸ் பைன் 1950-களில் பெருமளவு நட்டு, கம்பளி அசுவினியிடம் ஏறக்குறைய முழுதும் போனது.

வடக்கிலோ கிழக்கிலோ நிலம் இருந்து, சாலையை ஒட்டி நாலைந்து ஹெக்டேர் காற்று மறைவில் இருந்தால், அங்கே மட்டும் லார்ச் வையுங்கள். வெட்டவும் ஏற்றவும் வண்டி நிற்கும் தூரத்தில் இருக்கட்டும். உங்கள் வேலிக்கம்பம் அதிலிருந்தே வரும். அந்த வேலி இரண்டு திட்டத்துக்கும் உயிர்நாடி: பனிக்குவியல் கம்பியை அழுத்தி அறுக்கும், ஆகவே ஜூனில் செம்மறியை மலைக்கு ஓட்டுவதற்கு முன்பே முழுச் சுற்றும் நடந்து பார்க்க வேண்டும். பிர்ச் திட்டுகள் ஆளுயரம் வந்த பிறகும் வேலியைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். நட்ட மரம் தப்பிக்கும். அதைச் சுற்றிப் புல்லுக்குள் ஒளிந்திருக்கும் விரல்நீளக் கன்றுகளைத்தான் ஆடு முதலில் கண்டுபிடிக்கும்.