ஃபெட் ஒளிமின் விளைவு சிமுலேஷன்: குவாண்டம் இயற்பியலை இங்கிருந்து தொடங்கலாம்

குவாண்டம் இயற்பியலைப் புதிதாகக் கற்க வருபவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் சொல்லப்படுவது, உயிரோடும் இறந்தும் ஒருசேர இருக்கும் பூனையின் கதைதான். அதில் வியப்பு மிஞ்சுகிறதே தவிர, இயற்பியலாளர்கள் எந்த நெருக்கடியால் இப்படியொரு கொள்கைக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது விளங்குவதில்லை. அமெரிக்காவில் போல்டர் நகரிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் திட்டம் இலவசமாக வழங்கும் ஒளிமின் விளைவு சிமுலேஷன், அதாவது ஒளி பட்டால் உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் வெளிவரும் நிகழ்வைத் திரையில் நடத்திக் காட்டும் கணினி நிரல், அந்த நெருக்கடியைக் கற்பவரே தம் கையால் தொட்டுப் பார்க்கும்படி வைக்கிறது. 2001-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய திட்டம் இது. குவாண்டம் பாடத்தின் முதல் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் பார்த்ததில்லை.

திரையில் ஒரு வெற்றிடக் குழாய், அதனுள் எதிரெதிரே இரண்டு உலோகத் தட்டுகள், ஒரு தட்டின் மீது ஒளி பாய்ச்சும் விளக்கு, கீழே மின்னழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு மின்கலம். விளக்கின் செறிவையும் அலைநீளத்தையும் தனித்தனியே மாற்றலாம். உலோகங்களின் பட்டியலில் சோடியம், துத்தநாகம், தாமிரம், பிளாட்டினம், கால்சியம் ஆகியவற்றோடு பெயர் மறைக்கப்பட்ட ஒன்றும் உண்டு.

சோடியத்தைத் தேர்ந்து, 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியை முழுச் செறிவில் பாய்ச்சிப் பாருங்கள். ஓர் எலக்ட்ரான்கூட வெளிவராது. செறிவை மிகக் குறைத்துவிட்டு அலைநீளத்தை 400 நானோமீட்டர் ஊதாவுக்குக் கொண்டு வந்தால், மங்கலான அந்த ஒளியிலேயே எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகப் புறப்படுகின்றன. ஒளி வெறும் அலையென்றால், பிரகாசமான சிவப்பு ஒளி சிறிது நேரத்திலாவது போதிய ஆற்றலைத் தட்டில் சேர்த்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை என்பதைக் கண்ணால் கண்ட மாணவருக்கு, ஒளி ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது என்று 1905-இல் ஐன்ஸ்டைன் சொன்னது தவிர்க்க முடியாத விடையாகவே தோன்றும். அந்தப் பொட்டலத்தின் பெயர்தான் ஃபோட்டான். சிவப்பு ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் சுமார் 1.9 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலின் அலகு). சோடியத்தின் வெளியேற்று ஆற்றலோ, அதாவது எலக்ட்ரான் ஒன்றை அதிலிருந்து விடுவிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலோ, சுமார் 2.3. அத்தகைய ஃபோட்டான்கள் எத்தனை வந்தாலும், எலக்ட்ரானை விடுவிக்கத் தனியொரு ஃபோட்டானுக்கு வலு போதவில்லை.

மின்கலம்தான் எலக்ட்ரானை உலோகத்திலிருந்து இழுக்கிறது என்று எண்ணிக்கொள்ளும் மாணவர்கள் பலர். மின்னழுத்தம் சுழியாக இருக்கும்போதும் எலக்ட்ரான்கள் எதிர்த்தட்டை நோக்கி ஓடுவதைக் காட்டினால் அந்த எண்ணம் அங்கேயே கலைந்துவிடும். அடுத்து மின்னழுத்தத்தை எதிர்த்திசையில் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். 400 நானோமீட்டர் ஒளியில், ஏறத்தாழ 0.8 வோல்ட்டை எட்டும்போது, மிக வேகமான எலக்ட்ரான்கூட எதிர்த்தட்டின் முகத்துக்கு அருகே வந்து, தயங்கி நின்று, வந்த வழியே திரும்புகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் வரையறையாக மனப்பாடம் செய்யப்படும் நிறுத்து மின்னழுத்தம், இங்கே நடக்கும் நிகழ்ச்சியாக நிற்கிறது. இப்போது செறிவை இருமடங்காக்கினாலும் அந்த 0.8 மாறாது, திரும்பிப் போகும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கைதான் கூடும்.

வலப்பக்க வரைபடங்களில், அதிர்வெண்ணுக்கு எதிராக எலக்ட்ரானின் ஆற்றலைக் காட்டும் வரைபடமே இந்தச் சிமுலேஷனின் உயிர். உலோகத்தை மாற்றினால் நேர்கோடு இடம் பெயர்கிறது. அதன் சாய்வு மட்டும் மாறுவதில்லை. அந்தச் சாய்வே, ஃபோட்டானின் ஆற்றலை அதன் அதிர்வெண்ணோடு இணைக்கும் பிளாங்க் மாறிலி. ஐன்ஸ்டைனின் கருத்தை ஏற்க மனமில்லாத இயற்பியலாளர் ராபர்ட் மில்லிகன், பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1916-இல் வெளியிட்ட அளவீடுகளும் இதே நேர்கோட்டையே தந்தன. உலோகப் பரப்பில் ஆக்சைடு படிந்தால் அளவீடு கெட்டுவிடும் என்பதால், வெற்றிடக் குழாய்க்குள்ளேயே கத்தி ஒன்றைப் பொருத்திப் பரப்பைச் சீவியெடுத்து அவர் சோதனை செய்தார். திரையில் எல்லா உலோகமும் எப்போதும் தூய்மையாகவே இருப்பதால், இந்தப் பாடு மாணவருக்குத் தெரிய வாய்ப்பில்லை; ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

குறைகளும் உண்டு. செறிவை மாற்றாமல் அலைநீளத்தை மட்டும் குறைத்தால், ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் கூடுவதால் ஃபோட்டான்களின் எண்ணிக்கை குறைகிறது. அதனால் மின்னோட்டமும் மாறுகிறது. இது சரியான இயற்பியல்தான் என்றாலும், தொடக்கநிலை மாணவரைக் குழப்பக்கூடியது. செறிவுக்குப் பதிலாக ஃபோட்டான் எண்ணிக்கையை நிலையாக வைக்கும் வசதி இருந்தும், அதை விருப்பத் தேர்வுகளுக்குள் தேடித்தான் எடுக்க வேண்டும். எலக்ட்ரான்கள் சிறு உருண்டைகளாகவே வரையப்பட்டிருப்பது இன்னொரு குறை: அவற்றின் அலைப்பண்பை அறியாமலேயே மாணவர் எழுந்து போய்விடக்கூடும். ஆகவே, இதே திட்டம் தரும் குவாண்டம் அலைக் குறுக்கீட்டுச் சிமுலேஷனை அடுத்த வகுப்பிலேயே நடத்திவிடுவது நல்லது. மேலும், உலோகத்தை மட்டும் குவாண்டம் முறையில் கருதி, ஒளியை அலையாகவே வைத்துக்கொண்டும் இந்த விளைவின் பெரும்பகுதியை விளக்கலாம் என்று இயற்பியலாளர்களான லேம்பும் ஸ்கல்லியும் 1969-இல் காட்டியிருக்கிறார்கள். முதல் வகுப்பில் இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஃபோட்டான் இருப்பதற்கு இந்த ஒரு சோதனையே முழுச் சான்று என்று ஆசிரியர் அடித்துச் சொல்லாமலிருப்பது நேர்மை.

கைபேசியைவிடக் கணினியின் பெரிய திரையே இதற்கு ஏற்றது. ஐன்ஸ்டைனின் ஒளிமின் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பே மாணவர்களை இதன் முன் உட்கார வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெயர் மறைக்கப்பட்ட உலோகத்தைக் கடைசிப் பயிற்சியாகக் கொடுங்கள். எலக்ட்ரான் வெளிவரும் மிக நீண்ட அலைநீளத்தை நானோமீட்டரில் குறித்து, 1240-ஐ அதனால் வகுத்தால், வெளியேற்று ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். அதை அட்டவணையோடு ஒப்பிட்டு, அது எந்த உலோகமென்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.