லாட்ஜ்ல இருந்து நடந்தே போக: கோட்டையா, முத்து மண்டபமா, லாங் பஜாரா?

நைனாவுக்கு வைத்தியம்னு போளூர்ல இருந்து வேலூர் வந்து சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜ்ல ஒம்போது நாள் கெடந்தோம். ஒரு டெஸ்டுக்கும் அடுத்த டெஸ்டுக்கும் நடுவுல அரை நாள் சும்மா கெடைக்கும், ரூம்ல ஃபேனையே எவ்ளோ நேரம் பாக்கறது. ஸ்ரீபுரம் தங்கக்கோயிலுக்கு பஸ்ஸோ ஆட்டோவோ புடிக்கணும், அத விட்டுடறேன்.

மொதல்ல லாங் பஜார். மணிக்கூண்டு, நேதாஜி மார்க்கெட், கூட்டம், அவ்ளோதான். வீட்டுக்கு ஏதாச்சும் வாங்கணும்னா சரி, வயசானவங்கள கூட்டினு போனா உக்கார ஒரு திண்ண கூட கெடைக்காது.

முத்து மண்டபம் பாலாத்தங்கரையில இருக்கு. 1815ல இங்கிலீஷ்காரன் புடிச்சினு வந்த கண்டி ராஜா விக்கிரம ராஜசிங்கன் வேலூர்லயே சிறையில இருந்து 1832ல செத்தாரு, அவரு சமாதி. எனக்கு புடிச்ச எடம், கூட்டமே இல்ல. ஆனா நான் போனது ஒரே தடவ, அதுவும் சாயங்காலம், மதியானத்துல எப்படினு கேட்டா சொல்றதுக்கில்ல. நைனாவ அவ்ளோ தூரம் நடக்க வெக்க மனசும் வரல.

அதனால என் ஓட்டு கோட்டைக்குத்தான், காரணம் சரித்திரம் இல்ல, நெழலு. வேலூர் வெயில் தெரியும்ல, இங்க எத பாக்கறதா இருந்தாலும் மொத கேள்வி எங்க உக்காரலாம்ங்கறதுதான். 133 ஏக்கர் கோட்டைய முழுசா சுத்தறேன்னு கெளம்பாதீங்க, அகழிய பாலத்து மேல நின்னு பாத்துட்டு நேரா ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்கு போயிடுங்க. கருங்கல்லு, உள்ளார ஜில்லுனு இருக்கும். தூணுல யாளி, குதிர, ஒரே தலைய யானையாவும் மாடாவும் பாக்கற மாதிரி ஒரு சிற்பம், அண்ணாந்து பாத்தா கூரையில தாமரைய சுத்தி கிளிங்க. நைனா அந்த கிளிய எண்ணினே ஒரு மணி நேரம் ஓட்டிட்டாரு. 'சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு'னு நம்மூர்ல சொல்லுவாங்க இல்ல, அதுல மொதலாவது 1981லயே போச்சு, சத்துவாச்சாரியில இருந்த லிங்கத்த கொண்டாந்து வெச்சுட்டாங்க.

ஒரே சிக்கல் காலு. செருப்ப வெளிய விட்டுட்டு பிரகாரத்துல நடக்கணும், பதினோரு மணிக்கு மேல அந்த கல்லு தோசக்கல்லு மாதிரி ஆயிடும், முட்டி வலிக்காரரு குதிச்சினு ஓடறத நான் பாத்தேன். மதியானத்துல நடையும் சாத்திடுவாங்க. அதனால காலைல டிபன் முடிச்ச கையோட போயிடணும், வெயில் ஏறினதும் கோட்டைக்குள்ளயே மியூசியம் இருக்கு, 1806 ஜூலை 10 சிப்பாய் புரட்சி நடந்த எடத்துலயே நிக்கறோம்ங்கறது அப்பதான் ஒறைக்கும்.

மியூசியம் வெள்ளிக்கிழம லீவு. எங்க அடுத்த செக்கப்பு வெள்ளிக்கிழமலதான் விழுந்திருக்கு, காலைல கிளிய எண்ணிட்டு மீதி நேரத்துக்கு நைனா ரூம்ல படுத்துக்கறாராம், நான் மட்டும் மார்க்கெட்டு போயி முள்ளு கத்திரிக்கா வாங்கினு வரணுமாம்.