மரக் கட்டடம் படமெடுக்க 16 மி.மீ.யா, 50 மி.மீ.யா, ஷிஃப்ட் லென்ஸா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கல்யாணப் படம் எடுக்கிறவர்கள் பையில் பெரும்பாலும் ஒரு 16-35 மி.மீ. ஜூமும் ஒரு 50 மி.மீ. லென்ஸும் இருக்கும். எண் குறையக் குறையக் காட்சி அகலும். மரக் கட்டடத்துக்கு எதை மாட்டுவது என்பது, அந்தக் கட்டடத்தில் நேர்கோடு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஸ்பெயினின் செவில் நகரில், என்கார்னாசியோன் சதுக்கத்தில் 2011-இல் திறந்த மெட்ரோபோல் பாராசோல் என்ற மரக் கூரையில் நேர்கோடு குறைவு. யூர்கன் மாயர் வடிவமைத்தது. ஏறத்தாழ 150 மீட்டர் நீளம், 26 மீட்டர் உயரம். பார்த்தால் காளான்போல இருப்பதால் ஊர்க்காரர்களும் அப்படியே அழைக்கிறார்கள். எங்கும் வளைவு என்பதால் 16 மி.மீ.யை அண்ணாந்து பிடித்தாலும் சாய்வு தெரியாது. தண்டின் அடியில் நின்று எடுக்க அதுவே போதும். ஓரத்தில் பழைய வீட்டுச் சுவர் நுழைந்தால் மட்டும் அது பின்னால் சரிந்து நிற்கும். மரத்தின் மேல் வெளிர்நிறப் பாலியூரித்தேன் பூச்சு இருப்பதால் உச்சிவெயிலில் வெளிறிப்போகும். பொழுது சாய்ந்தபின் எடுங்கள்.

தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்கு வந்தால் கதை மாறுகிறது. தூண், உத்தரம், சட்டம், அழி எல்லாம் நேர்கோடு. 16 மி.மீ.யைக் கொஞ்சம் தூக்கினாலும் தூண்கள் உள்பக்கம் சாயும். பூமுகத்தின் (முகப்பு மண்டபம்) மேற்கூரையில் செதுக்கிய 90 பூக்களில் ஓரத்தில் விழுபவை முட்டைபோல இழுபடும். லென்ஸைத் தரைக்கு இணையாக நேராகப் பிடித்து, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, கீழ்ப்பாதியை வெட்டிவிடலாம். ஆனால் மந்திரசாலையில் (ஆலோசனை மண்டபம்) அப்படி வெட்டினால் நஷ்டம்: சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து மெழுகிய கருந்தரையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து கிடக்கும். அந்தப் பளபளப்புதான் அங்கே பாதிப் படம்.

அங்கே எங்கள் தேர்வு 50 மி.மீ. ஃபுல்ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சார்) கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் ஒரு ஃபிரேம் அகலவாக்கில் 27 பாகை பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கு மேற்படிய 5 ஃபிரேம் எடுத்து, பிறகு ஒரே படமாக ஒட்டினால் 16 மி.மீ.யின் அகலம் வந்துவிடும். கூரையும் தரையும் வேண்டுமானால் மூன்று வரிசை, மொத்தம் 15. மர ரேகை, உளித்தடம் எல்லாம் தெளிவாக நிற்கும். ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றையும் மேனுவலில் பூட்டுங்கள். இல்லாவிட்டால் ஒட்டிய இடத்தில் பட்டை தெரியும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இருண்ட தேக்கின் செம்மையையும் உறிஞ்சிவிடும். அதை 5200 கெல்வினில் வைத்துத் தொடங்குங்கள். பலர் தவறுவது திரும்பும் விதத்தில்: உடம்போடு சேர்ந்து கேமரா சுழன்றால் ஒரு மீட்டரில் இருக்கும் தூண் இரண்டாக உடையும். லென்ஸ் இருக்கும் இடத்தை அசைக்காமல், அதைச் சுற்றி நீங்கள் நகருங்கள். ஆள் நடமாட்டம் இருந்தால் இந்த முறை கைகொடுக்காது. ஆகவே காலையில் திறந்ததும் போங்கள், திங்கட்கிழமை விடுமுறை.

ஷிஃப்ட் லென்ஸில் கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே கீழே நகர்த்தலாம். 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸ், தூண் சாய்வது, படத்தை வெட்டுவது என்ற இரண்டு சிக்கலையும் ஒரே ஃபிரேமில் தீர்க்கும். விலை அதிகம், ஃபோகஸ் கையால்தான். ஷிஃப்ட் செய்தபின் கேமராவின் மீட்டர் தப்பாகக் காட்டும். செய்யும் முன்பே எக்ஸ்போஷரை வைத்துவிடுங்கள். மாதம் ஒரு கட்டட வேலை வருகிறவர்களுக்கு வாங்கலாம், மற்றவர்களுக்கு வேண்டாம்.

போனில் எடுப்பதானால் 0.5 ஜூம் பக்கம் போகாதீர்கள். மங்கிய அறையில் இரைச்சலை (படத்தில் தெரியும் புள்ளிகளை) நீக்குகிறேன் என்று மர ரேகையையே வழித்துவிடும். 1-லேயே எடுத்து ஒட்டுங்கள்.