புலாஸ்கிக்கு சிலையா, கௌரவ குடியுரிமையா?

வெளிநாட்டுல பொறந்த வீரருக்கு எந்த மரியாதை பொருத்தம்னு குழம்புறவங்க புலாஸ்கி கதைய பாருங்க, போலந்துல பொறந்து அமெரிக்க சுதந்திரப் போர்ல அமெரிக்காவுக்காக குதிரைப்படை நடத்தி 1779ல சவானா சண்டையில அடிபட்டு இறந்தவரு, அமெரிக்க காங்கிரஸ் இவருக்கு ரெண்டுமே குடுத்திருக்கு.

நேரம்
சிலை: 1779லயே நினைவுச்சின்னம்னு தீர்மானம் போட்டாச்சு, வாஷிங்டன்ல குதிரை மேல உக்காந்தது 1910லதான். 131 வருஷம் சாமி!
குடியுரிமை: அதுவும் 2009லதான், ஒபாமா கையெழுத்து.

செலவு
சிலை: வெண்கலம், பீடம், இடம், பராமரிப்பு.
குடியுரிமை: பேப்பர்தான்.

மவுசு
சிலை: ஊர்ல எத்தனையோ இருக்கு.
குடியுரிமை: மொத்தமே 8 பேர், சர்ச்சில், அன்னை தெரசா, அதே போர்ல அமெரிக்காவுக்காக சண்டை போட்ட பிரெஞ்சு தளபதி லஃபாயெட் வரிசை.

தெருவுல போறவன் நிமிர்ந்து பாக்கணும்னா சிலை, இவரு நம்மாளுன்னு சட்டமே சொல்லணும்னா குடியுரிமை, எனக்கு ரெண்டாவதுதான் ஒசத்தி.