எச்4 எல்இடி பல்பு: மாட்டிப் பார்த்து, ஆய்வாளர் முன் நிறுத்திய பிறகு

பதிவுக்காலமான 15 ஆண்டுகளை நெருங்கிக்கொண்டிருந்த என் சிறிய பெட்ரோல் காருக்கு, சென்ற மழைக்காலத்துக்கு முன்பு, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடை ஒன்றில் 2,800 ரூபாய் கொடுத்து முன்விளக்கில் மாட்ட எச்4 வகை (பிரைட், டிம் இரண்டும் ஒரே பல்பில்) எல்இடி பல்பு ஜோடி ஒன்றை வாங்கினேன். "ஆர்.டி.ஓ.வில் ஒன்றும் கேட்க மாட்டார்கள் சார், எல்லாரும் போடுவதுதான்" என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பியது என் பிழை. ஒரே பல்பு பத்துப் பெயர்களில் பத்துப் பெட்டிகளில் விற்கப்படுவதால், நான் வாங்கியதன் பெயரைச் சொல்லிப் பயனில்லை. பெட்டியின் மேல் ஜோடிக்கு 20,000 லூமன் (ஒளியின் அளவு) என்றும், 6500 கெல்வின் (ஒளியின் நிறம்) என்றும், வட்டத்துக்குள் இ என்ற எழுத்தும் அச்சிட்டிருந்தால் அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பழைய பல்பு இருந்த இடத்தில் இதுவும் அப்படியே உட்கார்ந்துவிடும் என்பது பாதிதான் உண்மை. மூன்று காதுகளும் ஹோல்டரில் சரியாகப் பொருந்தின; மின் இணைப்புக் கப்ளரும் சேர்ந்தது. ஆனால் பல்பின் பின்னால் கட்டைவிரல் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்த குளிர்விக்கும் விசிறி, டூமின் (ஒளியைத் திருப்பும் குழிந்த முன்விளக்குக் கூட்டின்) பின்பக்கம் மூடும் ரப்பர் உறைக்குள் அடங்கவில்லை. மெக்கானிக் கத்தியால் ரப்பரை அறுத்து வழி செய்தார். முதல் இரண்டு பெரிய மழைக்குப் பிறகு வலப்பக்க விளக்குக் கண்ணாடியின் உள்ளே நீர்த்துளிகள் கோத்து நின்றதற்கு அந்த அறுப்பே காரணம்.

முதல் இரவு பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். காரின் முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் தூரம் தரை பட்டப்பகல் போல வெளுத்துக் கிடந்தது. வீட்டு வாசலில் நிறுத்திப் பார்க்கிறவரை இது வெற்றிதான். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையில் இறங்கியபோது வேறு கதை தெரிந்தது. அருகில் கிடந்த வெள்ளைப் பரப்புக்குக் கண் பழகிவிட்டதால், அதற்கு அப்பால் இருந்த இருட்டு முன்பைவிட அடர்த்தியாகத் தோன்றியது. நனைந்த தாரில் நீலம் கலந்த வெள்ளை ஒளி பட்டு, ஓரக்கோடே தெரியாமல் போயிற்று. நான் டிம்மில்தான் வந்துகொண்டிருந்தேன். ஆனாலும் எதிரே வந்த பேருந்துகளும் லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக பிரைட் அடித்து என்னைத் திட்டிக்கொண்டே கடந்தன.

காரணம் பல்பின் உடலமைப்பில் இருக்கிறது. பழைய ஹாலோஜன் எச்4 பல்புக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் சுருளுக்கு அடியில் சிறு உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். ஒளி கீழ்ப்பக்கம் போகாமல் அது தடுப்பதால், டூமின் மேற்பாதி மட்டும் ஒளியை வாங்கித் தரையை நோக்கித் திருப்புகிறது. டூமின் ஒவ்வொரு வளைவும், அந்த மெல்லிய சுருள் எந்தப் புள்ளியில் எரியும் என்று கணக்கிட்டே வார்க்கப்படுகிறது. எல்இடி பல்பிலோ சுருளுக்குப் பதிலாக ஒரு தகட்டின் இரு பக்கங்களிலும் ஒளிதரும் சிறு சில்லுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. நடுவே தகட்டின் தடிமன் வந்துவிடுவதால் ஒளி பிறக்கும் புள்ளி இடம் மாறுகிறது. டூமுக்கு அந்த மாற்றம் தெரியாது. எச்4 பல்புக்கான தர அளவே 13.2 வோல்ட்டில் பிரைட்டுக்கு 1,650 லூமன், டிம்முக்கு 1,000 லூமன் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, பெட்டியில் இருந்த 20,000 என்ற எண்ணைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது.

சந்தேகம் தீர, சுவர் ஒன்றுக்கு 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி டிம் போட்டுப் பார்த்தேன். ஒழுங்கான விளக்காக இருந்தால் கிடையாக ஒரு கோடும், அதன் இடப்பக்கம் நடைபாதையை நோக்கி மேலேறும் ஒரு சரிவும் தெரியும். கோட்டுக்கு மேலே ஏறக்குறைய இருட்டாக இருக்கும். என் சுவரில் கோடு என்று எதுவும் இல்லை. சுண்ணாம்பை வாளியோடு வீசியடித்தாற்போல ஒளி எல்லாப் பக்கமும் சிதறியிருந்தது.

சட்டம் இதைத்தான் கேட்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 106ஆம் விதி, முன்விளக்கின் ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், அதன் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் எவருக்கும் அது கூசக் கூடாது. தெருவில் சாக்பீஸால் குறி போட்டு, மகனை உள்ளே உட்காரவைத்து, உயரம் சரியாக வரும்படி சற்றே குனிந்து நானே அந்த இடத்தில் நின்று பார்த்தேன். ஹாலோஜனில் விளக்கை நேராகப் பார்க்க முடிந்தது. எல்இடியில் இரண்டு விநாடி தாங்கவில்லை. திரும்பியபோது பக்கத்து வீட்டுக் கேட்டின் மேல் பச்சைப் புள்ளிகள் மிதந்தன. முன்விளக்கின் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடும் போலீஸ்காரர்களைக் கேலி செய்திருக்கிறேன், அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. ஆர்.சி. புத்தகத்தில் பல்பு பற்றி ஒரு சொல்லும் இல்லையே என்று கடைக்காரர்கள் வாதாடுவார்கள். அது சரியே, ஆனால் போதாது. 2019இல் திருத்தி எழுதப்பட்ட 182ஏ பிரிவு, சட்டமும் விதிகளும் அனுமதிக்காத முறையில் பாகம் மாற்றிப் பொருத்தும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. எல்இடி என்பதே குற்றம் என்று இதற்குப் பொருள் இல்லை. தொழிற்சாலையிலேயே எல்இடி விளக்கோடு வரும் கார்களில் டூம், லென்ஸ், சில்லு எல்லாம் சேர்ந்து ஒரே விளக்காகச் சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றவை. ஹாலோஜனுக்கென்று ஒப்புதல் பெற்ற டூமுக்குள் வேறொன்றைச் செருகும்போது அந்த ஒப்புதல் அங்கேயே அறுந்துவிடுகிறது.

ஐ.நா. ஒழுங்குவிதிப்படி ஒப்புதல் பெற்றது என்று காட்டும், பெட்டியின் இ குறி? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அதன் அருகே 10ஆர் என்று இருக்கிறது. அது ரேடியோ போன்ற கருவிகளுக்கு மின்காந்த இடைஞ்சல் தராது என்பதற்கான ஐ.நா. ஒழுங்குவிதியின் எண், ஒளிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஹாலோஜன் பல்புக்கு உரிய எண் 37. ஜெர்மனியில் 2020 முதல் ஓஸ்ராம் நிறுவனத்தின் ஒரு மாற்று எல்இடி பல்புக்கு அனுமதி உண்டு என்றாலும், அதுவும் பட்டியலில் உள்ள குறிப்பிட்ட கார்களின் குறிப்பிட்ட விளக்குகளுக்கு மட்டுமே. பல்பும் டூமும் ஜோடியாகத்தான் தேற வேண்டும் என்பது அங்கும் விதி.

படிவம் 25 கொடுத்துப் பதிவைப் புதுப்பிக்கக் காரைக் காட்டப் போனேன். மோட்டார் வாகன ஆய்வாளர் எண்களைச் சரிபார்த்து, ஹாரன் அடிக்கச் சொல்லி, டிம் போடச் சொன்னார். சுவரைக்கூடப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்த்தவுடனே, "பழைய பல்பை மாட்டிக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினார். அபராதம் போடாதது அவருடைய பெருந்தன்மை. அன்று ஒரு நாள் மட்டும் ஹாலோஜன் மாட்டிக் காட்டிவிட்டு மறுநாள் எல்இடிக்குத் திரும்புபவர்கள் பலர் என்று வாசலில் இருந்த தரகர் தைரியம் சொன்னார்; ஆனால் எதிரே வருபவனின் கண்ணுக்கு ஆய்வு நாள் என்று தனியாக ஒன்று கிடையாது.

பணத்தை உருப்படியாகச் செலவிட்டது அதற்குப் பிறகுதான். பழைய ஹாலோஜன் மங்கலாக எரிந்ததற்குப் பல்பு காரணம் அன்று. மீட்டர் வைத்துப் பார்த்தபோது, இன்ஜின் ஓடுகையில் பேட்டரியில் 13.8 வோல்ட், ஹோல்டரிலோ 12.2தான். மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் ஹாலோஜன் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும். பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்து ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து, மஞ்சளேறிய முகப்புக் கண்ணாடியை பாலிஷ் போட்டு, ரப்பர் உறையைப் புதிதாக மாற்றி, 60/55 வாட் பல்புகளையே மாட்டினேன். எல்லாம் சேர்த்து எல்இடி ஜோடியின் விலையைவிடக் குறைவாகத்தான் ஆயிற்று. இந்தச் சாக்கில் 100/90 வாட் பல்பை நீட்டும் கடைகளும் உண்டு. ஹோல்டரை உருக்குவதோடு அதுவும் விதிக்குப் புறம்பானது. இரண்டாவது முறை காட்டியபோது விளக்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்இடி பல்புகளைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனபோது, பல்பில் பழுது ஏதும் இல்லையே என்று சொல்லிப் பணத்தைத் தர மறுத்துவிட்டார்கள். பழுது இல்லை என்பது உண்மைதான். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது, உள்மடிப்பில், கடுகு அளவு எழுத்தில், ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள்: பொதுச் சாலையில் பயன்படுத்துவதற்கு அன்று.