பழைய டிராப்பை எடுக்காமலே வெஸ்டர்ன் பொருத்திய பிளம்பர்: கிருஷ்ணகிரி வாசிகள் கவனத்துக்கு

கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில், முழங்கால் வலியால் குத்துக்காலிட்டு உட்கார முடியாத அம்மாவுக்காக, கீழ்த்தளக் கழிப்பறையில் இருந்த இந்தியன் டைப் பீங்கானை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைக்கும் வேலையை உள்ளூர் பிளம்பர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். பொருளும் கூலியும் சேர்த்து 18,500 ரூபாய் என்று பேசி, அதில் 12,000 ரூபாயை ஜிபே வழியாக முன்பணமாகவும் மீதியை வேலை முடிந்த அன்று கையிலும் வாங்கிக்கொண்டார். அவர் செய்துவிட்டுப் போனதை உடைத்தெடுத்து மறுபடி செய்வதற்கு இப்போது எங்களுக்கு இன்னொரு 14,000 ரூபாய் ஆகியிருக்கிறது. பழைய வீடுகளில் இதே மாற்றத்தைச் செய்ய நினைப்பவர்கள் இங்கே நிறையப் பேர் என்பதால், ஏமாற்று எந்த இடத்தில் நடந்தது என்பதை விவரமாகவே எழுதுகிறேன்.

இந்தியன் டைப் பீங்கானுக்கு டிராப் என்னும் வளைந்த குழாய் தனியாகத் தரைக்கு அடியில் புதைந்திருக்கும். வளைவில் எப்போதும் தண்ணீர் நின்று, செப்டிக் டேங்கின் நாற்றம் மேலே வராமல் தடுப்பது அதன் வேலை. வெஸ்டர்ன் கோப்பைக்கோ அந்த வளைவு கோப்பையின் உள்ளேயே அமைந்திருக்கிறது. ஆகவே ஒன்றை எடுத்து மற்றொன்றை வைக்கும்போது, தரையை உடைத்துப் பழைய டிராப்பை அடியோடு அகற்றிவிட்டு, 110 மி.மீ. குழாயை நீட்டி, சுவரிலிருந்து கோப்பைக்குச் சொல்லப்பட்ட தூரத்தில் அதன் வாயை மேலே கொண்டுவர வேண்டும். அந்தத் தூரம், கழிவு தரை வழியாக இறங்கும் எஸ் டிராப் கோப்பைகளில் பெரும்பாலும் 9 அங்குலமாகவோ 12 அங்குலமாகவோ இருக்கும். அதுவும் டைல்ஸ் ஒட்டி முடித்த பரப்பிலிருந்து அளக்க வேண்டும், செங்கல் சுவரிலிருந்து அல்ல. நம்மவர் இந்த வேலை எதையும் செய்யவில்லை. பழைய டிராப்பின் வாயிலேயே ஒரு துண்டுக் குழாயைச் செருகி, சுற்றிலும் கலவையைக் கொட்டி, மேலே டைல்ஸ் ஒட்டி, கோப்பையை வைத்து ஒயிட் சிமெண்ட் பூசிவிட்டார். பார்வைக்கு வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது.

டிராப்புக்கு மேல் டிராப் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். பிளஷ் செய்தால் தண்ணீர் கோப்பையின் விளிம்புவரை எழும்பி, குளுக்குளுக்கென்று சத்தமிட்டு மெல்ல இறங்கும். கழிவு கீழ் வளைவில் தங்கிவிடும். முதல் வாரத்திலேயே இது தொடங்கியது. கூப்பிட்டுக் காட்டியபோது, "அண்ணா, இது போர் தண்ணி, உப்பு ஏறிப்போச்சு. டேங்க்ல போர்ஸ் இல்ல, வேற டேங்க் மாத்திடலாம்" என்றார். நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு பிளஷ் டேங்கின் உள்ளே போய்ப் படிந்து, மிதவையோடு இருக்கும் வால்வை ஒழுக வைக்கும் என்பது இங்கே எல்லோரும் கண்ட உண்மைதான். ஆனால் புதிய டேங்கில் ஒரு வாரத்தில் அப்படிப் படிவதற்கு வழியில்லை. இருந்தும் 2,800 ரூபாய்க்கு வேறு டேங்க் வந்தது, நிலைமை மாறவில்லை. அடுத்து செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது என்றார். அவரே அழைத்துவந்த லாரிக்காரர் மூடியைத் திறந்து பார்த்து, "இதுல கசடே அவ்வளவா இல்லைங்களே, இப்ப எதுக்கு எடுக்கறீங்க?" என்று கேட்டார், பக்கத்தில் நின்ற பிளம்பர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே காட்டவில்லை. வந்ததற்கு 1,800 ரூபாய் கொடுத்தனுப்பினோம்.

பிறகு காவேரிப்பட்டணத்திலிருந்து வயதான பிளம்பர் ஒருவர் வந்தார். அவர் டேங்கைத் தொடவே இல்லை. ஒரு வாளி நிறையத் தண்ணீரை எடுத்து ஒரே வீச்சில் கோப்பைக்குள் ஊற்றினார். அப்போதும் தண்ணீர் எழும்பியது. வாளித் தண்ணீருக்கும் எழும்பினால் குறை டேங்கில் இல்லை, போகும் வழியில்தான் இருக்கிறது என்றார். வெளியே, கழிப்பறைக் குழாய் வந்து சேரும் சேம்பர் தொட்டியின் மூடியைத் தூக்கினார். உள்ளே தண்ணீர் தேங்கவில்லை. அப்படியென்றால் அடைப்பு சேம்பருக்கும் கோப்பைக்கும் இடையில். "பழைய டிராப்ப எடுத்தாங்களா சார்?" என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. டைல்ஸை உடைத்ததும் அது பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

இதைவிட எனக்குக் கோபம் வந்தது வெளிக் குழாயைத் தோண்டியபோதுதான். கழிவுக் குழாய்களில் ஏ டைப், பி டைப் என்று இரண்டு உண்டு. மழைநீருக்கும் காற்றுப் போக்கிக்கும் உரியது ஏ, கழிவுக்கு உரியது தடித்த சுவருள்ள பி. எங்களிடம் பி டைப்புக்கு விலை வாங்கிய முதல் பிளம்பர் புதைத்திருந்தது ஏ டைப். குழாயின் மேலேயே அச்சடித்திருக்கிறது. இணைப்புகளில் குழாய் ஒட்டும் சொல்யூஷனோ ரப்பர் வளையமோ இல்லாமல் சிமெண்டை அப்பியிருந்தார். அந்தக் குழாய் போவது, ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து வைக்கும் எங்கள் சம்ப்புக்கு வெகு அருகில். ஓர் இணைப்பில் கசிவு தொடங்கி மண் கறுத்திருந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் குடிக்கிற தண்ணீரில் என்ன கலந்திருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

போனில் கேட்டதற்கு, "நீங்க சொன்ன ரேட்டுக்கு அப்படித்தாங்க வரும்" என்று சொல்லி வைத்துவிட்டார். விலையைச் சொன்னவர் அவர். நாங்கள் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

காசு வாங்கிச் செய்யும் பிளம்பிங் வேலையும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைதான். குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பேசியும் பதியலாம். சிக்கல் ஆதாரத்தில்தான் வருகிறது. பெரும்பாலான பிளம்பர்கள் பில் தருவதில்லை. எங்களுக்குக் கிடைத்தது டைல்ஸ் பெட்டி அட்டையின் பின்புறம் எழுதிய கணக்கு மட்டுமே. அதில் "4 இன்ச் பி டைப்" என்று அவர் கையெழுத்திலேயே இருப்பதும், ஜிபே பதிவும், தரையை உடைக்கும்போது எடுத்த படங்களும் இப்போது எங்களுக்குக் கைகொடுக்கின்றன. இரண்டாவதாக வந்தவரிடம் கண்டதை எழுதி வாங்கியிருக்கிறோம். அவர் தயங்காமல் எழுதிக் கொடுத்தார்.

புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. இந்த வேலையை யாரிடம் கொடுத்தாலும், கலவை கொட்டுவதற்கு முன் பழைய டிராப் வெளியே வந்து கிடக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். குழாயின் மேல் உள்ள எழுத்தைப் படமெடுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் வாளித் தண்ணீரை ஊற்றிச் சேம்பரில் ஓடுவதைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மீதிப் பணத்தைக் கொடுத்தால் போதும்.