பாம்பரில் பறந்த பெரியமாமாவைத் தேடியபோது: லிங்கன் தரவுத்தளம் பற்றி ஒரு மதிப்புரை

இரண்டாம் உலகப் போரில் ஆர்ஏஎஃப் என்ற பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சு விமானத்தில் போன சொந்தக்காரர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், காசு கொடுத்து ஆள் பிடிப்பதற்கு முன்னால் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் உள்ள சர்வதேச பாம்பர் கமாண்ட் (ஆர்ஏஎஃப்பின் குண்டுவீச்சுப் பிரிவு) மையத்தின் இழப்புத் தரவுத்தளத்தைத் திறந்து பாருங்கள். இலவசம். கோலாலம்பூரில் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். போரில் செத்துப்போன 58,000 பேருக்குக் குறையாமல் அதில் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம்.

நான் தேடியது அம்மம்மாவின் அண்ணனை. அம்மாவுக்குப் பெரியமாமா, அதனால் எங்கள் எல்லோர் வாயிலும் அவர் பெரியமாமாதான். கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், படிக்க லண்டன் போனவர், போர் வந்ததும் விமானப்படையில் சேர்ந்துவிட்டார். வெள்ளையர் அல்லாதவர்களுக்கு ஆர்ஏஎஃப் போட்டிருந்த தடை 1939 அக்டோபரில்தான் விலகியது, அது விலகாமல் இருந்திருந்தால் அவர் படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார் என்று அம்மம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1944-இல் விமானம் திரும்பவில்லை. அப்போது மலாயா ஜப்பான்காரன் கையில், இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதமும் வர வழியில்லை, போர் முடிந்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. இதில் என்னால் இன்னும் ஆற முடியாத ஒன்று: 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நேச நாட்டு பி-29 விமானங்கள் வந்து குண்டு போட்டது கோலாலம்பூர் ரயில் பட்டறை மேல். அவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்பிக்கொண்டு அவருடைய அப்பா அம்மா அந்தக் குண்டுகளுக்குக் கீழே பதுங்கிக் கிடந்தார்கள்.

சரி, தரவுத்தளத்துக்கு வருவோம். பெயரைப் போட்டதும் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் ஆட்களில் அப்பா பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று அந்தக் கால ஆர்ஏஎஃப் கிளார்க்குகளுக்குப் புரிந்ததில்லை. இரண்டில் எது வேண்டுமானாலும் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், எழுத்துக்கூட்டலும் எழுதியவர் காதில் விழுந்தபடி. சர்வீஸ் நம்பர் கிடைத்தால் அதுதான் பெரிய சாவி. பழைய கடிதம், படத்தின் பின்பக்கம், சம்பளப் புத்தகம் எல்லாவற்றையும் புரட்டிப் பாருங்கள். மெடலை மட்டும் நம்பாதீர்கள், அந்தப் போரின் பிரிட்டிஷ் ஸ்டார் மெடல்களைப் பெயர் பொறிக்காமலேயே கொடுத்தார்கள்.

பக்கம் கிடைத்ததும் ஸ்குவாட்ரன் (அவர் இருந்த விமான அணி), விமான எண், புறப்பட்ட தளம், அன்றைய இலக்கு, எப்படி விழுந்தது, எங்கே அடக்கம் என்று தெரிந்த அளவுக்கு ஒரே இடத்தில் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது கூட இருந்தவர்களின் பெயர்கள். லங்காஸ்டர் வகைக் குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர்: பைலட், இன்ஜினியர், நேவிகேட்டர், குண்டு விடுபவர், வயர்லெஸ் ஆப்பரேட்டர், மேல் துப்பாக்கிக்காரர், வால் துப்பாக்கிக்காரர். உங்கள் ஆளை மட்டும் தேடினால் அந்த ஒரு பக்கத்தோடு நின்றுவிடுவீர்கள், மற்ற ஆறு பேரையும் தேடுங்கள். பெரியமாமாவைப் பற்றி எங்களிடம் இல்லாத ஒரு படம், அவருடைய நேவிகேட்டரின் குடும்பம் கொடுத்த படங்களுக்குள் இருந்தது. ஏழு பேரும் விமானச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், இவர் ஓரத்தில், தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு.

அதே மையத்தின் டிஜிட்டல் காப்பகம் தனியாக இருக்கிறது, அதையும் விடாதீர்கள். லாக்புக்குகள் (பறந்த ஒவ்வொரு தடவையையும் குறித்துவைத்த புத்தகங்கள்), கடிதங்கள், தப்பிப் பிழைத்தவர்களின் குரல் பதிவுகள். வயர்லெஸ்காரர் வேலை என்னவென்று அங்கேதான் புரிந்துகொண்டேன்: நேவிகேட்டருக்குப் பின்னால் இடம், ஹீட்டர் காற்று வரும் வழி பக்கத்திலேயே, அதனால் துப்பாக்கிக்காரர்கள் குளிரில் விறைத்துக்கொண்டிருக்க இவருக்கு மட்டும் வேர்க்கும். அரை மணிக்கு ஒருமுறை தலைமையகத்தின் ஒலிபரப்பைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இழப்புத் தரவுத்தளம் பெரும்பாலும் அந்தக் கடைசி இரவைத்தான் சொல்லும். அதற்கு முந்தைய இரவுகள் வேண்டுமென்றால் லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏர் 27 (AIR 27) வரிசைக்குப் போக வேண்டும், ஸ்குவாட்ரன்களின் தினசரிப் பதிவேடுகள் அவை. இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் ஓர் அளவு வரை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். தனி ஆளின் பெயர் போட்டுத் தேட முடியாது, ஸ்குவாட்ரனும் மாதமும் தெரிந்திருக்க வேண்டும், அதற்குத்தான் முதலில் லிங்கன் பக்கம். படிவம் 541 என்ற தாள்களைப் பாருங்கள். விமான எண், ஏழு பெயர்கள், ஏறிய நேரம், இறங்கிய நேரம், இலக்கின் மேல் என்ன பார்த்தார்கள் என்று இரண்டு மூன்று வரி, எல்லாம் டைப் அடித்தது. மாதம் மாதமாகப் புரட்டினால் அதே ஏழு பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, மேகம் மூடியிருந்தது, சிவப்புக் குறிவிளக்கைப் பார்த்துக் குண்டு விட்டோம் என்றெல்லாம். கடைசி வரியில் இறங்கிய நேரத்துக்கான கட்டம் காலி. அந்தக் காலிக் கட்டத்தை அம்மாவுக்குப் பெரிதாக்கிக் காட்டினேன், அம்மா திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

கல்லறைக்கு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம், அதுவும் இலவசம். பெரியமாமா ஜெர்மனியில் ரைக்ஸ்வால்ட் காட்டுக் கல்லறையில் இருக்கிறார். அங்கே விமானப்படையினர் மட்டும் ஏறத்தாழ 4,000 பேர். அந்தத் தளத்தில் அவர் பெயருக்குக் கீழே இருக்கும் ஸ்கேன் தாள்களையும் திறந்து பாருங்கள். ஏழு பேரையும் அடுத்தடுத்துப் புதைத்திருக்கிறார்கள் என்பது அந்தத் தாளில்தான் எனக்குத் தெரிந்தது.

காசு வாங்கிக்கொண்டு தேடித் தருகிற ஒரு சேவையை என் ஒன்றுவிட்ட அண்ணன் எடுத்துப் பார்த்தார். வந்த அறிக்கையில் இருந்ததெல்லாம் மேலே சொன்ன இலவசத் தளங்களிலிருந்து எடுத்து அழகாக அடுக்கியது, பதிவேட்டுத் தாள் ஒன்றுகூட இல்லை. நேரமே இல்லாதவர்கள் வேண்டுமானால் கொடுங்கள், ஆனால் படிவம் 541 நகல் உண்டா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

எல்லோருக்கும் லிங்கன் உதவாது. பாம்பர் கமாண்ட் என்பது ஐரோப்பியப் போர். இந்தியாவிலிருந்தோ கொக்கோஸ் தீவிலிருந்தோ லிபரேட்டர் வகைக் குண்டுவீச்சு விமானங்களில் மலாயா மேல் பறந்தவர்களுக்கு ஏர் 27-ம் கல்லறை ஆணையமும்தான் வழி. 1945 ஆகஸ்டில் நெகிரி செம்பிலான் காட்டில் விழுந்த 356-ஆம் ஸ்குவாட்ரன் லிபரேட்டரின் எட்டுப் பேரை 2012-இல்தான் நம் கோலாலம்பூர் செராஸ் சாலைக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். பிழைத்து ஊர் திரும்பியவர்களைத் தேடுபவர்கள் நேராக டிஜிட்டல் காப்பகத்தில் தொடங்கலாம்.

உங்களிடம் படமோ கடிதமோ இருந்தால் ஸ்கேன் செய்து லிங்கனுக்கு அனுப்புங்கள், குடும்பங்கள் கொடுப்பதைச் சேர்த்துக்கொள்கிறார்கள். சீருடையில் இருக்கும் பெரியமாமா படத்தை நாங்கள் அனுப்பியிருக்கிறோம்.